காயிதே மில்லத்தும் அரசமைப்புச் சிந்தனையும்

அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் நம் வகுப்பறைக்கு வரும் மாணவர் பலர், தமிழிலக்கியப் பாடநூல்களோடு போட்டித் தேர்வுக்குரிய நூல்களையும் கையில் ஏந்தி வருகின்றனர். அந்நூல்களில் இந்திய அரசமைப்பின் மூலங்கள் என்றொரு பட்டியல் தவறாமல் இருக்கும். அடிப்படை உரிமைகளும் நீதிமன்றத்தின் புனராய்வு அதிகாரமும் அமெரிக்காவிலிருந்து வந்தன; பாராளுமன்ற ஆட்சிமுறை இங்கிலாந்திலிருந்து வந்தது; அரசுக்கான வழிகாட்டு நெறிகள் அயர்லாந்திலிருந்து வந்தன. இவ்வாறு வரிசைப்படுத்தி மனனம் செய்துகொள்கின்றனர். ஒருநாள் ஒரு மாணவர் எழுந்து, எல்லாம் பிறரிடமிருந்து வாங்கியவை என்றால் நம்மவர் செய்தது என்ன என்று வினவினார். நல்ல வினா. அதற்கு ஒரு நாள் வகுப்பில் விடையளித்துவிட முடியாது. அவ்வவையில் அமர்ந்து பேசிய ஒருவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து சென்றால் விடை தானே தெளிவாகும் எனக் கருதினோம். தமிழகத்துப் பெரியோர் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் என்று அன்போடு அழைத்த முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களே அம்மனிதர்.

திருநெல்வேலியை அடுத்த பேட்டையில், 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் மியாகான் ராவுத்தரின் மகனாக அவர் பிறந்தார். நெல்லையில் தொடங்கிய கல்வி திருச்சி தூய வளனார் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் தொடர்ந்தது. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை கிறித்தவர் நடத்திய கல்லூரிகளிலும் இந்துக் கல்லூரியிலும் பயின்று வளர்ந்தது அக்காலத் தென்னாட்டில் வியப்புக்குரியதன்று. ஆயினும் பிற்காலத்தில் சிறுபான்மையோர் நடத்தும் கல்விக்கூடங்களின் உரிமை பற்றிய பேச்சு நாட்டில் எழுந்தபோது, அவ்வுரிமையின் பயனைச் சொந்த அனுபவத்தில் அறிந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும். ஒத்துழையாமை இயக்க அலை வீசிய 1920இல் பட்டப்படிப்பின் வாயிலில் நின்றவர், தேர்வு எழுதாமல் படிப்பைத் துறந்தார்.

பின்னர் அவர் கைக்கொண்டது தோல் வணிகம். நம் ஊர் மாணவர்க்கு இத்தொழில் அயலானதன்று. பூவிருந்தவல்லியிலிருந்து குன்றத்தூர் வழியாகப் பல்லாவரம் சென்றால், ஒரு காலத்தில் தோல் பதனிடும் தொட்டிகளின் வாடை வந்து வரவேற்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதப்படுத்திய சென்னை மாகாணத்துத் தோல் கப்பலேறி இலண்டன் சந்தைக்குச் சென்றது. பல்லாவரத்தை அடுத்த குரோம்பேட்டையோ 1912இல் அங்கு எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். அக்குரோம்பேட்டையிலேயே இஸ்மாயில் சாகிப் வாழ்ந்தார். மனுக் கொடுத்தல், தூது செல்லுதல், எதிர்த் தரப்பின் கணக்கையும் படித்துப் பார்த்தல், இல்லை என்ற விடை கிடைத்தாலும் கதவைச் சாத்தாமல் திரும்பி வருதல் ஆகியவை வணிகர் சங்கங்களில் பழகியவர்க்கு இயல்பாக அமையும் குணங்கள். அவருடைய அரசியல் நடையில் மேடை முழக்கத்தைவிட இந்தக் கடைவீதி நிதானமே மிகுதி என்பது நம் கணிப்பு.

அரசியலில் அவர் முஸ்லிம் லீகின் சென்னை மாகாணத் தலைவராக உயர்ந்தார். அக்காலத் தேர்தல் முறையை இன்றைய மாணவர் அறிந்திருத்தல் நன்று. 1909ஆம் ஆண்டின் மிண்டோ மார்லி சீர்திருத்தம் தொட்டு முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகள் இருந்தன. முஸ்லிம் வேட்பாளரை முஸ்லிம் வாக்காளர் மட்டுமே தேர்ந்தெடுப்பர். 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் 215 உறுப்பினர் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் லீக் 28 இடங்களைப் பெற்றது. காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி அதுவே. ஆகவே இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார். பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா ஆகிய மூவரின் ஆட்சிகளுக்கும் எதிரில் அமர்ந்து 1952 வரை அப்பொறுப்பை வகித்தார்.

இவ்விடத்தில் அமெரிக்க முறையோடு ஒரு வேறுபாட்டைக் காட்டிவிடுவோம். எதிர்க்கட்சித் தலைவர் என்ற பதவிக்கு அமெரிக்க அமைப்பில் நேர் ஒப்பு இல்லை. அங்கே குடியரசுத் தலைவரும் அவர்தம் அமைச்சர்களும் சட்டம் இயற்றும் அவையின் உறுப்பினர் அல்லர். மக்கள் அவரைத் தனித்தேர்தலின் வழியே, அதுவும் தேர்வாளர் குழு என்னும் இடைநிலை அமைப்பின் மூலம் அமர்த்துகின்றனர். அவையில் வாக்கெடுப்பில் தோற்றாலும் ஆட்சி கவிழாது. சட்டம் இயற்றுவோர் ஓரிடம், செயலாற்றுவோர் ஓரிடம், தீர்ப்பளிப்போர் ஓரிடம் என மூன்றையும் பிரித்து, ஒன்றன் கையை மற்றொன்று பிடித்து நிறுத்துமாறு அமைத்தனர். நம் முறையில் அமைச்சரவை அவைக்குள்ளேயே அமர்ந்து அன்றாடம் விடை சொல்லியாக வேண்டும். அங்கே பூட்டு நிறுவனங்களின் பிரிவினையில் இருக்கிறது. இங்கே அது எதிர்வரிசையில் அமர்ந்திருப்பவரின் வாயில் இருக்கிறது. ஆறாண்டுக் காலம் அப்படி அமர்ந்து பழகியவர் இஸ்மாயில் சாகிப்.

1947 வந்தது. நாடு இரண்டாயிற்று. கட்சியும் இரண்டாக வேண்டிய நிலை. அவ்வாண்டு திசம்பரில் கராச்சியில் கூடிய லீக் பேரவை, பாகிஸ்தானுக்கு லியாகத் அலிகானையும் இந்தியாவுக்கு இஸ்மாயில் சாகிபையும் அமைப்பாளராக நியமித்துப் பிரிந்தது. அக்காலச் சூழலை இன்று எண்ணிப் பார்த்தல் கடினம். வடநாட்டுத் தலைவர் பலர் எல்லை கடந்துவிட்டனர். எஞ்சியோருள் பலர் கட்சியையே கலைத்துவிடல் நலம் என்றனர். அந்நாளில் முஸ்லிம் லீக் என்ற பெயரைச் சொல்வதே ஐயத்தை விலைக்கு வாங்குவதாகும். 1948ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், சென்னையில் பின்னாளில் இராஜாஜி மண்டபம் எனப் பெயர் பெற்ற மாளிகையில் எஞ்சியோர் கூடி விவாதித்தனர். கலைக்க வேண்டா, இந்திய அரசமைப்புக்கு உட்பட்டு இயங்குவோம் என்று முடிவாயிற்று. அவரே தலைவர். இம்முடிவு சரியா என்பதில் அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது, பின்னாளிலும் ஓயவில்லை. ஆனால் தம் மக்கள் குறையைத் தெருவில் கொட்டாமல் அவையில் எடுத்துரைக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதே அவர் கருதிய நியாயம்.

அவை என்றால் அப்போது எல்லாவற்றுக்கும் மேலான ஓர் அவை தில்லியில் நடந்துகொண்டிருந்தது. அரசியல் நிர்ணய சபை 1946 திசம்பர் 9ஆம் நாள் தொடங்கியது. லீக் உறுப்பினர் முதலில் புறக்கணித்தனர். இந்தியப் பகுதியைச் சேர்ந்தோர் 1947 ஜூலையில் வந்து சேர்ந்தனர். இஸ்மாயில் சாகிப் 1948இல் சென்னையின் பிரதிநிதிகளுள் ஒருவராக உள்ளே நுழைந்தார். வரைவுச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் எடுத்து அலசப்படும் கட்டம் அது.

இதே போன்றதோர் அவை அதற்கு 160 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கூடியது. 1787 மே முதல் செப்டம்பர் வரை ஒரே கோடைக்காலம். வந்து சென்றவர் 55 பேர். இறுதியில் கையொப்பமிட்டவர் 39 பேர். கதவுகளைச் சாத்திக்கொண்டு பேசினர். அவையில் நடந்தது வெளியே செல்லலாகாது என்பது விதி. ஜேம்ஸ் மாடிசன் எழுதிவைத்த குறிப்புகள் 1840இல்தான் அச்சேறின. மறைவாகப் பேசியதில் ஒரு நன்மை இருந்தது என்பர் வரலாற்றாசிரியர். முதல்நாள் சொன்னதை மறுநாள் மாற்றிக்கொள்ள எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நம் சபையோ திறந்த வாயிலோடு நடந்தது. ஏறத்தாழ 53,000 பார்வையாளர்கள் வந்து கேட்டதாக அவைத் தலைவர் இராசேந்திர பிரசாத் கணக்குச் சொன்னார். 7,635 திருத்தங்கள் அறிவிக்கப்பட்டு, 2,473 அவையில் முன்மொழியப்பட்டன. ஒவ்வொன்றும் அதை முன்மொழிந்தவர் பெயரோடு, ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்ற குறிப்போடு அச்சில் நிற்கிறது. இந்த வேறுபாட்டை நாம் பெரிதாகக் கருதுகிறோம். பிலடெல்பியாவில் தோற்ற கருத்து அரை நூற்றாண்டு இருட்டில் கிடந்தது. தில்லியில் தோற்ற கருத்தை அன்றே ஊரார் கேட்டறிய முடிந்தது.

1948 நவம்பர் 23ஆம் நாள் வரைவின் 35ஆம் பிரிவு விவாதத்துக்கு வந்தது. நாடு முழுமைக்கும் ஒரே சிவில் சட்டம் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்பது அப்பிரிவு. இன்று அது 44ஆம் பிரிவாக இருக்கிறது. இஸ்மாயில் சாகிப் எழுந்து ஒரு திருத்தம் முன்மொழிந்தார். தனக்கெனத் தனியார் சட்டம் உடைய எந்தச் சமூகத்தையும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும் என்றார். முஸ்லிம் என்ற சொல்லை அத்திருத்தத்தில் அவர் இடவில்லை. எந்தச் சமூகமாயினும் என்றே பொதுமையில் வைத்தார். திருமணமும் வாரிசுரிமையும் தம் மக்களுக்கு மார்க்கத்தின் பகுதிகள் என்று விளக்கினார். செர்பியர், குரோவாசியர், சுலோவீனியர் இணைந்த யுகோசுலாவிய அரசு முதல் உலகப் போருக்குப் பின் முஸ்லிம் சிறுபான்மையினரின் குடும்பச் சட்டத்தைக் காப்பதாக உடன்படிக்கை செய்துகொண்டதைச் சான்றாகக் காட்டினார். குரோம்பேட்டையில் வாழ்ந்த தோல் வணிகர் ஒருவர் பால்கன் நாட்டு உடன்படிக்கையைத் தேடிப் படித்து வந்து அவையில் வைத்ததை நம் மாணவர் கவனிக்க வேண்டும். உரிமை கேட்பதற்கும் படிப்பு வேண்டும்.

முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் மறுத்துப் பேசினர். டாக்டர் அம்பேத்கர், குற்றவியல், ஒப்பந்தம், சொத்து மாற்றம் முதலிய பலவற்றில் ஏற்கெனவே ஒரே சட்டம் இருப்பதையும், வட மலபாரில் மருமக்கத்தாயம் முஸ்லிம்களிடையேயும் வழங்கியதையும் எடுத்துக்காட்டினார். முடிவில், இப்பிரிவு முயல வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது, விரும்பி ஏற்போர்க்கு மட்டும் முதலில் பொருந்துமாறு எதிர்காலப் பாராளுமன்றம் செய்யவும் கூடும் என ஆறுதலும் கூறினார். திருத்தம் தோற்றது.

அமெரிக்காவில் இவ்வினா எவ்வாறு எழுந்தது என்று பார்ப்போம். அந்நாட்டின் முதல் திருத்தம், அரசு எந்தச் சமயத்தையும் நிறுவலாகாது, எவரும் தம் சமயத்தைப் பின்பற்றுவதைத் தடுக்கலாகாது என்கிறது. எனவே அங்கே சமய நடைமுறைக்கு எல்லையே இல்லை என்று நம் மாணவர் சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. மார்மன் சமயத்தைச் சேர்ந்த ரேனால்ட்ஸ் என்பவர் பலதார மணத்தைத் தம் சமயக் கடமை என்று வாதிட்டபோது, நம்பிக்கையில் அரசு தலையிடாது, செயலில் தலையிடலாம் என்று 1879இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நேரத்தில் அந்நாட்டில் திருமணச் சட்டம் பெரிதும் மாநிலங்களின் கையில் உள்ளது; மாநிலத்துக்கு மாநிலம் அது வேறுபடும். ஒரே நாடு எனில் ஒரே குடும்பச் சட்டம் இருந்தே தீரவேண்டும் என்பதற்கும் அமெரிக்கா சான்றாகாது. சமயத்தின் பெயரால் எதுவும் செல்லும் என்பதற்கும் சான்றாகாது. இரு தரப்பாரும் அமெரிக்காவை மேற்கோள் காட்டும் வேகத்தில் இதனை மறந்துவிடுகின்றனர்.

1949 மே 25ஆம் நாள் வந்த விவாதம் இதனினும் கடுமையானது. சமயச் சிறுபான்மையோர்க்குச் சட்டமன்றங்களில் இட ஒதுக்கீடு வேண்டா என்று சர்தார் படேல் தலைமையிலான ஆலோசனைக் குழு அறிக்கை தந்திருந்தது. இஸ்மாயில் சாகிப், ஒதுக்கீடும் வேண்டும், தனி வாக்காளர் தொகுதியும் வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார். நாட்டுப் பிரிவினையின் புண் ஆறாத நேரம். தனித்தொகுதியே பிரிவினைக்கு வித்து என்று அவையில் பெரும்பாலோர் நம்பினர். அவர் பேசியபோது எழுந்த குறுக்கீடுகளைப் படித்தாலே அன்றைய சினம் விளங்கும். முஸ்லிம் உறுப்பினரும் ஒரே குரலில் பேசவில்லை. உத்தரப் பிரதேசத்தின் பேகம் ஐஜாஸ் ரசூல், ஒதுக்கீடு சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடும் என்று எதிர்த்தார். மறுநாள் குழுவின் அறிக்கை ஏற்கப்பட்டது.

நம் கருத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். தனி வாக்காளர் தொகுதி நீடித்திருந்தால் முஸ்லிம் வேட்பாளர் பிற சமூகத்தாரின் வாயிலை மிதித்து வாக்குக் கேட்க வேண்டிய தேவையே எழுந்திராது. அதுபோலவே பிறரும் நம் தெருவுக்கு வந்திரார். அவ்வகையில் பேகம் அவர்களின் வாதமே வலியது என நாம் எண்ணுகிறோம். இதனை ஏற்காத பெரியோர் நம்மிடையே உண்டு. அவர்கள் சுட்டும் குறையும் பொய்யன்று. இஸ்மாயில் சாகிப் எழுப்பிய வினா அவர் கேட்ட மருந்தைவிடப் பெரியது. எண்ணிக்கையால் ஆளும் முறையில், எண்ணிக்கை இல்லாதவர் எங்கே நிற்பது?

பிலடெல்பியாவிலும் இதே வினாதான் அவையைக் கலைத்துவிடப் பார்த்தது. அங்கே சிறுபான்மை என்றால் சிறிய மாநிலங்கள். மக்கள் தொகைப்படியே இடம் என்றால் வர்ஜீனியாவின் முன் டெலவேர் எங்கே நிற்கும்? முடிவில் ஓர் இணக்கம் கண்டனர். பிரதிநிதிகள் சபையில் மக்கள் தொகைக்கேற்ற இடம். செனட் சபையில் பெரிதாயினும் சிறிதாயினும் மாநிலத்துக்கு இருவர். இன்றும் அவ்வாறே. நம் மாநிலங்களவையில் இந்தச் சமத்துவம் இல்லை என்பதையும் மாணவர் குறித்துக்கொள்ளலாம். இங்கே மாநிலத்துக்கு மாநிலம் இடங்கள் மாறும். எல்லைக்கோடு உடைய சிறுபான்மைக்கு இருக்கை தருவது எளிது. ஊர் ஊராகச் சிதறி வாழும் சிறுபான்மைக்கு எந்த எல்லையை வரைந்து இருக்கை தருவது? அமெரிக்கச் செனட்டில் இதற்கு விடை இல்லை. நாடு பரந்து, பல்வேறு நலன்கள் பெருகினால் எந்த ஒரு கூட்டமும் நிலையான பெரும்பான்மை ஆகாது என மாடிசன் 1787இல் எழுதிய கட்டுரையில் நம்பினார். அந்நம்பிக்கை பேரளவு உண்மை. ஆனால் அதே பிலடெல்பியாவில்தான், பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணும் விதியும் எழுதப்பட்டது. அடிமை முறையை ஒழிக்க 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் ஒரு பெரும் உள்நாட்டுப் போர் நடந்தது.

1949 செப்டம்பர் மாதம் ஆட்சிமொழி விவாதம். தமிழ்த்துறையார் ஆகிய நாம் இதனைச் சற்று விரித்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில் இந்நிகழ்ச்சி நம் மேடைகளில் ஆண்டுதோறும் ஒருவகையாகச் சொல்லப்பட்டு வருகிறது. தமிழையே இந்தியாவின் ஆட்சிமொழியாக்குமாறு காயிதே மில்லத் அவர்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள் என்பது அம்மேடைப் பேச்சு. அவைக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால் செய்தி சற்று வேறாக இருக்கிறது. அவர் ஆதரித்தது இந்துஸ்தானியை. நாகரி, உருது ஆகிய இரு எழுத்திலும் எழுதப்படும் எளிய பொதுமொழியை. காந்தியடிகளின் நிலைப்பாடும் அதுவாகவே இருந்தது என்பதை அவர் அவைக்கு நினைவூட்டினார். அதன்பின், தொன்மையையும் வளத்தையும் அளவுகோலாகக் கொண்டு ஒரு மொழியைத் தேர்வதாயின், இம்மண்ணில் வழங்கும் மொழிகளுள் மூத்தவை திராவிட மொழிகளே என்றும், அவற்றுள் தமிழே மிகப் பழமையும் இலக்கிய வளமும் உடையது என்றும், அது தம் தாய்மொழி, அதில் தாம் பெருமை கொள்வதாகவும் எடுத்துரைத்தார். எண்ணிக்கையின் முன் தமிழுக்கு அவர் கேட்டது அரியணை அன்று, மதிப்பு.

மேடையில் சொல்லப்படும் கதையைவிட இவ்வுண்மை நமக்கு அரியதாகத் தோன்றுகிறது. உருதைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரு தென்னாட்டு முஸ்லிம், வடநாட்டுச் சகோதரர்களின் உருது எழுத்துக்காகவும் வாதாடி, அதே மூச்சில் தம் தமிழின் மூப்பையும் நிலைநாட்டுகிறார். ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பற்ற வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. அத்திருத்தமும் தோற்றது, செப்டம்பர் 14ஆம் நாள் நாகரி எழுத்திலான இந்தி ஒன்றிய ஆட்சிமொழியாக ஏற்கப்பட்டது. அமெரிக்க அரசமைப்பிலோ ஆட்சிமொழி பற்றி ஒரு சொல்லும் இல்லை. அங்கே 1787இல் இது வினாவாகவே எழவில்லை. இங்கே இதுதான் அவையைப் பிளந்துவிடுமோ என அஞ்சவைத்த வினா.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்ட நம் மாணவர் மீண்டும் வினவினார். கொண்டுவந்த திருத்தங்கள் இப்படித் தோற்றன என்றால் அவரை ஏன் அரசமைப்பின் சிற்பிகளுள் ஒருவராக எண்ணவேண்டும்? சோறு தண்ணீர் மறந்து நாம் சிந்தித்த வினா இதுவே.

பிலடெல்பியாவில் ஜார்ஜ் மேசன் என்றொருவர் இருந்தார். 1776இல் வர்ஜீனியா மாநிலத்தின் உரிமைப் பிரகடனத்தை எழுதியவர். கோடை முழுதும் அவையில் அமர்ந்து உழைத்துவிட்டு, குடிமக்களின் உரிமைகளைக் கூறும் சாசனம் இதில் இல்லை என்று சொல்லிக் கையொப்பமிட மறுத்தார். அவரோடு மறுத்தவர் இருவர். உரிமைச் சாசனம் வேண்டும் என்ற கோரிக்கையை அவை ஏற்கவில்லை. மேசன் தோற்றார். ஆனால் மாநிலங்கள் ஒப்புதல் அளித்தபோது ஊரெங்கும் அதே குறையை எழுப்பினர். தேவையில்லை என்று முதலில் கருதிய மாடிசனே அதை எழுதிக் கொண்டுவர நேர்ந்தது. 1791 திசம்பர் 15ஆம் நாள் பத்துத் திருத்தங்கள் நிறைவேறின. பேச்சுரிமை, சமய உரிமை, முறையின்றிச் சோதனையிடாமை, உரிய சட்ட நெறியின்றி உயிரையும் உடைமையையும் பறிக்காமை ஆகிய அனைத்தும் அவற்றுள் அடங்கும். இன்று அமெரிக்க அரசமைப்பு என்றதும் உலகம் நினைவுகூர்வது தோற்றவர் கேட்ட அந்தப் பகுதியைத்தான். அடிமைகளை உடைமையாக வைத்திருந்த ஒருவர் உரிமை கேட்டார் என்ற முரணையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. உயிரையும் உடலுரிமையையும் உரிய சட்ட நெறியின்றிப் பறிக்கலாகாது என்ற அமெரிக்கத் தொடரை நம் சட்டத்திலும் இடவேண்டும் என 1948 திசம்பரில் காஜி சையத் கரீமுத்தீன் திருத்தம் கொண்டுவந்தார். சட்டம் வகுத்த நடைமுறைப்படி என்ற தொடரே போதும் என்று அவை முடிவு செய்தது. திருத்தம் தோற்றது. முப்பதாண்டுகள் சென்றபின், 1978இல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை என்றால் அது நியாயமானதாக இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியபோது, தோற்ற தொடரின் பொருள் வேறு வாயில் வழியே உள்ளே வந்து அமர்ந்தது.

இஸ்மாயில் சாகிப் கேட்ட இருக்கைகள் கிடைக்கவில்லை. கேட்ட நிபந்தனை எழுதப்படவில்லை. ஆயினும் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தரும் 25ஆம் பிரிவு, மொழியையும் பண்பாட்டையும் காக்கும் 29ஆம் பிரிவு, சிறுபான்மையோர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் 30ஆம் பிரிவு ஆகியவை, சிறுபான்மையோரின் அச்சத்தை அவையில் வெளிப்படையாகப் பேசியோர் இருந்த காலத்தில், அப்பேச்சுகளுக்கிடையே உருவானவை. அவர் ஒருவரால் வந்தவை என்று சொன்னால் அது மிகை. அத்தகைய குரல்களே இல்லாத அவையில் அவை அதே வடிவில் எழுந்திருக்கும் என்று சொல்வதும் எளிதன்று. இம்மலரை வெளியிடும் கல்லூரியும் அந்த 30ஆம் பிரிவின் நிழலில் நிற்பதே. தென்னகத்தில் 1948இல் ஃபாரூக் கல்லூரி, 1951இல் திருச்சி ஜமால் முகமது கல்லூரி, அதே ஆண்டு சென்னைப் புதுக்கல்லூரி என அடுத்தடுத்து எழுந்தன. சட்டத்தில் கிடைத்த இடத்தைச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு நிரப்பிய தலைமுறை அது.

மேசன் வீடு திரும்பினார். புதிய அரசில் எப்பொறுப்பும் ஏற்கவில்லை. இஸ்மாயில் சாகிப் அவ்வாறு செய்யவில்லை. தம் திருத்தங்களை மறுத்த அதே அரசமைப்பின் மீது உறுதிமொழி எடுத்து, 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் அமர்ந்தார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களில் கேரளத்து மஞ்சேரித் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. பேட்டையில் பிறந்த தமிழரை மலையாள மக்கள் மும்முறை தேர்ந்தெடுத்தனர். அதுவும் அவர் ஒருகாலத்தில் அஞ்சிய பொதுத்தொகுதி முறையிலேயே! வரலாறு இவ்வாறு புன்னகை செய்யும் தருணங்கள் சில உண்டு. தமிழகத்தில் 1967இல் பேரறிஞர் அண்ணாவோடும் மூதறிஞர் இராஜாஜியோடும் ஓரணியில் நின்றார். கேரளத்தில் அவருடைய கட்சி அதே ஆண்டு அமைச்சரவையில் இடம்பெற்றது. ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன் கலைத்துவிடுமாறு பலர் அறிவுரை கூறிய கட்சி அது.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் இறைவனடி சேர்ந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்து ஓராண்டு சென்றபின், 1973 ஏப்ரலில் கேசவானந்த பாரதி வழக்கில், எவ்வளவு பெரிய பெரும்பான்மையாலும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க இயலாது என்று பதின்மூன்று நீதிபதிகளுள் எழுவர் தீர்ப்பளித்தனர். சட்டமன்றம் இயற்றியதையும் நீதிமன்றம் செல்லாதெனக் கூறலாம் என்று அமெரிக்காவில் 1803இல் மார்பரி வழக்கில் நீதிபதி மார்ஷல் வகுத்த நெறியைவிட ஓரடி முன்னே சென்ற தீர்ப்பு அது. எண்ணிக்கையின் கை எட்டாத இடம் ஒன்று வேண்டும் என்று 1949இல் ஒருவர் அவையில் கேட்டது நமக்கு நினைவுக்கு வருகிறது.

அண்ணா சாலையில் அவர் பெயர் தாங்கிய அரசு மகளிர் கல்லூரியில் இன்று எல்லாச் சமூகத்துப் பெண்களும் பயில்கின்றனர். நம் மாணவர் அக்கல்லூரியின் பெயர்ப்பலகையைப் பேருந்திலிருந்து பலமுறை பார்த்திருப்பர். அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் தொகுதிகளையும் ஒருமுறை திறந்து பார்க்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். 1948 நவம்பர் 23ஆம் நாளுக்குரிய பக்கங்களில் திருத்தம் மறுக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சென்றால், சில நாட்களிலேயே அடிப்படை உரிமைப் பிரிவுகள் விவாதத்துக்கு வரும்போது, சென்னை உறுப்பினர் முகம்மது இஸ்மாயில் சாகிப் அதே கோரிக்கையை வேறொரு பிரிவில் சேர்க்குமாறு மீண்டும் எழுந்து நிற்பதைக் காணலாம்.